வாத்துக்கு எந்தத் திராட்சை? 600 வருடப் பழைய செய்முறையும் எங்கள் கரி அடுப்பும்

ஆவணியில் தம்பி குடும்பம் மதுரையிலிருந்து மலையேறி வருகிறது. எங்களையும் சேர்த்து 12 பேர். வீட்டுக்குப் பின்னால் கரி அடுப்பு போட்டு எதையாவது சுடுவது என்று முடிவாகிவிட்டது. வழக்கமான மிளகாய்த்தூள், தயிர், எலுமிச்சை வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ரொம்ப நாளாக ஒரு பழைய செய்முறை மனதில் கிடந்தது.

1390 வாக்கில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் குரி’ என்ற சுவடியில் ‘சாஸ் மேடம்’ என்றொரு குறிப்பு இருக்கிறது. ‘கூஸ்’ என்கிற பெருவாத்தின் வயிற்றுக்குள் சேஜ், பார்ஸ்லி, ஹிஸப், சேவரி என்று நான்கு தழைகள், சீமை மாதுளை (‘குவின்ஸ்’, நம் மாதுளை இல்லை), பேரிக்காய், பூண்டு, திராட்சை எல்லாவற்றையும் அடைத்து, கொழுப்பு வெளியே வராதபடி தைத்துச் சுட வேண்டும். சொட்டுகிற கொழுப்பைப் பிடித்து வைக்க வேண்டும். வெந்ததும் உள்ளே இருப்பதை வழித்துச் சட்டியில் போட்டு, கெட்டியாக இருந்தால் வைன் விட்டு, அரத்தைப் பொடி, ‘பவுடர் டூஸ்’ என்ற இனிப்பு மசாலா, உப்பு சேர்த்துக் கொதிக்கவைத்து, வெட்டி வைத்த கறிமேல் ஊற்ற வேண்டும். அளவு கிடையாது, நேரம் கிடையாது. சமைக்கத் தெரிந்தவனுக்கு எழுதியது.

முதல் தடவை படித்தபோதே, இது கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு எழுதிக்கொடுத்த சீட்டு மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. பேரிக்காய் இங்கே மரத்தடியில் விழுந்து கிடக்கும். பூண்டோ, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. பார்ஸ்லி, சேஜ் இரண்டும் இங்கிலீஷ் காய்கறி விற்கிற கடைகளில் கேட்டால் கிடைக்கும். அரத்தைக்கு நாட்டு மருந்துக் கடை. மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைப் பந்தல்.

ஆக, முடிவெடுக்க வேண்டியவை இரண்டுதான். எந்தத் திராட்சை? வயிற்றில் அடைத்துச் சுடுகிற அந்த முறை திறந்தவெளிக் கரி அடுப்பில் செல்லுமா? மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெருவாத்துக்குப் பதில் மூன்று வாத்து செலவு பண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

திராட்சைக்குப் போகுமுன் ஒரு விஷயம். இந்தச் செய்முறையில் திராட்சையின் வேலை இனிப்பு இல்லை. பெருவாத்து கொழுப்புப் பறவை. அந்தக் கொழுப்பை வெட்ட ஒரு புளிப்பு வேண்டும். பேரிக்காயும் பூண்டும் குழைய ஒரு ஈரம் வேண்டும். இரண்டையும் திராட்சைதான் கொடுக்கிறது. இங்கிலாந்தில் பெருவாத்து விருந்து செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்கு. அந்தக் குளிரில் காய்த்த திராட்சை, பழுத்தே இருந்தாலும் நம் பன்னீர் திராட்சை அளவுக்கு இனித்திருக்காது என்பது என் கணிப்பு. இதை யோசிக்காமல் முதல் ஞாயிறு நான் பண்ணிய வேலைதான் கோளாறு.

கம்பத்துப் பன்னீர் திராட்சையை நன்றாகப் பழுத்த கொத்தாகப் பார்த்து அரைக் கிலோ வாங்கினேன். 2023-ல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் நாட்டுத் திராட்சை என்று உரிமை கொண்டாடினாலும் மஸ்கட் ஹாம்பர்க் என்பதுதான் இதன் இனப்பெயர். இருக்கட்டும், வந்து இத்தனை தலைமுறை ஆனபிறகு நம்மூர்ப் பிள்ளைதான். வாசனைக்கு இதை அடிக்க இன்னொன்று இல்லை. பையைத் திறந்தாலே வீடு மணக்கும். அந்த வாசனையை நம்பித்தான் வாங்கினேன். அடுப்பில் ஏற்றிய கால் மணியில் பாதி வாசனை புகையோடு போய்விட்டது, மிஞ்சியது சர்க்கரை. பழுத்த திராட்சையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். இதில் ஃபிரக்டோஸ் 110 டிகிரியை ஒட்டியே கருகத் தொடங்கிவிடும். கரியடுப்புக்கு மேலே அதைப்போல இரண்டு பங்கு சூடு சாதாரணம். தையல் இடுக்கில் கசிந்த சாறு தோலில் வழிந்து, வாத்தின் அடிவயிறு தார் பூசியது போல ஆனது. உள்ளே இருந்த கலவையோ ஜாம். என் அத்தை ஒரு வாய் எடுத்துவிட்டு, “பிரெட்டு இருக்காடா?” என்று கேட்டார். நக்கலா, உண்மையான கேள்வியா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்தது விதையில்லாத பச்சைத் திராட்சை. வாங்குவதற்குச் சுலபம், விதை எடுக்கும் வேலை இல்லை, தோல் மெல்லிசு. புளிப்பு ஓரளவுக்கு உண்டு. ஆனால் சூடு பட்டதும் தண்ணீராக ஓடிவிடுகிறது, வாசனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவசரத்துக்கு ஆகும். உலர் திராட்சையைப் பற்றி எழுதவே வேண்டாம், அது பாயசத்துக்கு.

பெங்களூர் புளூ பரவாயில்லை, உண்மையில் நல்ல போட்டியாளர். ஜூஸ் கடைக்காரர்கள் வாங்குகிற அந்தக் கறுப்புத் திராட்சைதான். இது இசபெல்லா என்ற அமெரிக்க இனத்தின் வழி. அமெரிக்கக் காட்டுக் கொடியின் ரத்தம் இதில் ஓடுகிறது. 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் என்பதால், அமெரிக்கத் திராட்சை இந்த மலைக்குப் பொருத்தம்தானே என்று சொல்லித் தம்பியிடம் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. விரலால் அழுத்தினால் தோல் கழன்று சதை வழுக்கிக்கொண்டு வரும். புளிப்பும் நிறமும் தாராளம். குறை என்னவென்றால் அதன் வாசனை தனி ரகம். சிலருக்கு அது மூக்கில் ஏறும், பேரிக்காயை அமுக்கிவிடும். அடைப்பதற்கு வேண்டாம், சாஸ் காய்ச்ச மட்டும் என்றால் நான் இதை எடுப்பேன்.

காட்டுத் திராட்சை என்று ஒரு யோசனை வரும். “நாட்டுத் திராட்சைன்னா காட்டுல இருக்கிறதுதானே?” என்று தம்பி மகன் போனில் கேட்டான். கேள்வி சரிதான், திராட்சைக் குடும்பத்துக் கொடிகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏராளம். நம் பிரண்டையும் அந்தக் குடும்பம்தான். பிரண்டையைச் சும்மா அரைத்தால் கை அரிக்கும், புளி சேர்க்காமல் துவையல் செய்ய முடியாது. காரணம் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட். அதே ஊசி பல காட்டுக் கொடிகளின் பழத்திலும் உண்டு, தொண்டையைப் பிறாண்டிவிடும். எது எந்தக் கொடி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. தவிர, இங்கே சுற்றியிருப்பது 2013-ல் அறிவித்த வனவிலங்குச் சரணாலயம். பழம் பறிக்கப் போய் வனத்துறையிடம் கைகட்டி நிற்பானேன்.

இப்போது என் தேர்வு: பன்னீர் செங்காய். பச்சையிலிருந்து கருநீலத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் பருவம், ஒரே கொத்தில் பாதி பச்சை, பாதி சிவப்பு. காயில் மாலிக் அமிலம் உச்சத்தில் இருக்கும். பழுக்கப் பழுக்க அது குறைந்து சர்க்கரை ஏறும். செங்காயில் இரண்டும் இருக்கிறது. வாயில் போட்டால் கண் சுருங்கும், ஆனால் கடைசியில் ஒரு பன்னீர் வாசனை தட்டும். இரண்டாம் ஞாயிறு இதை வைத்துச் செய்ததும் சண்டையே முடிந்துபோனது. கொழுப்பு நாக்கில் தங்கவில்லை. பேரிக்காய் பேரிக்காயாகவே இருந்தது.

சிக்கல், இதை யாரும் விற்பதில்லை. வத்தலக்குண்டு போகும் வழியில் சாலையோரம் கூடை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டேன்.

“அண்ணே, செங்காயா ஒரு கிலோ கிடைக்குமா?”

“காயவா? காய யாருண்ணே காசு குடுத்து வாங்குவா? பழமே இருக்கு, எடுத்துக்குங்க.”

“சமையலுக்கு.”

“ஊறுகாயா?”

“வாத்துக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் கூடையின் அடியில் கழித்துப்போட்ட கொத்துகளைப் பொறுக்கிக் கொடுத்தார், பழத்தின் விலைக்கே.

கழிவுக் கொத்தில் செங்காய் கிடைத்தால் அதிர்ஷ்டம். தோட்டத்தில் சொல்லி வாங்கினால் ஒன்றை மறக்காமல் கேட்க வேண்டும்: கடைசியாக மருந்து எப்போது அடித்தீர்கள்? பழத்துக்கு அறுவடைக்கு முன் இத்தனை நாள் மருந்தடிக்காமல் விடுவார்கள். காயைப் பறிக்கும்போது அந்த இடைவெளி முடிந்திருக்காது. இதில் மட்டும் சங்கோஜம் பார்க்க வேண்டாம். வாங்கிய பிறகு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். நசுக்கும்போது மிக்ஸி கூடாது. விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும். கையால் பிசைந்து வடிகட்டினால் போதும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், புளிப்பு அதைத் தின்னும். மண்சட்டி அல்லது எவர்சில்வர்.

மற்ற மாற்றங்களில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. சீமை மாதுளை இங்கே பழமாகக் கிடைப்பதில்லை. கெட்டியாக, துவர்ப்பாக, வெந்தால் மணக்கிற பழம் அது. அதற்குப் பதில் செங்காயான கொய்யா. இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரேசிலுக்குப் போன போர்த்துக்கீசியர்கள் ஊரில் சீமை மாதுளையில் கிளறிய அல்வா மாதிரியான பண்டத்தை அங்கே கொய்யாவில் கிளறினார்கள். சேவரிக்குக் கற்பூரவல்லி இரண்டு இலை, அதே காரமான நெடி. ஹிஸப்புக்குக் கொஞ்சம் புதினா. பேரிக்காயில் சாப்பிடுகிற மெத்து ரகம் வேண்டாம், கல் மாதிரி இருக்கும் வால்பேரிதான் தீயில் நிற்கும். பவுடர் டூஸ் என்பது சுக்கு, பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, சர்க்கரை.

அரத்தை விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்கள் சீனாவிலிருந்து அரபு வணிகர்கள் கைமாறி வந்ததைப் பொன் விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள். நமக்கு அது சித்தரத்தை, இருமலுக்குப் பாட்டி வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்கிற அதே துண்டு. இரண்டாம் ஞாயிறு ஒரு டீஸ்பூன் போட்டேன். சட்டி கொதித்ததும் அத்தை சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: “யாருக்குடா சளி?” அதன்பிறகு கால் டீஸ்பூன்தான். மருந்து ஞாபகம் வராது, ஆனால் இருக்கிறது என்று தெரியும்.

பறவை எது என்பதிலும் மூன்று வழி உண்டு. செய்முறையே சொட்டும் கொழுப்பை நம்பியிருப்பதால் வாத்துதான் முதல். நாட்டுக்கோழியில் கொழுப்பு போதாது, காய்ந்த தணலில் நார் நாராகிவிடும். அதைக் குழம்புக்கே விடுங்கள். வாத்து பிடிக்காதவர்கள் பிராய்லர் தொடைக்கறி எடுக்கலாம். நம்மூர்க் கறிக்கடையில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள், அதனால் வெட்டத் தொடங்குமுன்பே “தோலோட” என்று சொல்லிவிடுங்கள். தோல் இல்லாமல் இந்த வேலை ஆகாது.

சரி, அடுப்பு.

மூலத்தில் உள்ளபடி முழு வாத்தை அடைத்துத் தைத்துக் கம்பியில் சுற்றிச் சுடுவது முதல் வழி. பார்க்க அழகு, போட்டோவுக்கு நல்லது. அரண்மனையில் கம்பியைச் சுற்றவென்றே ஒரு பையன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். நமக்கு யார் இருக்கிறார்கள்? முதல் ஞாயிறு மாற்றி மாற்றிச் சுற்றினோம். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே கறுத்துவிட்டது. தையலைப் பிரித்தால் நடுவிலிருந்த பேரிக்காய் நறுக்கென்றிருந்தது. நறுக்கென்று இருந்தால் பரவாயில்லை, பிரச்சினை வேறு. பச்சைக் கறியின் சாறு அந்த அடைப்பில் ஊறியிருக்கிறது. கறி மட்டுமில்லை, அடைப்பின் நடுவும் 74 டிகிரியைத் தொட்டால்தான் சாப்பிடலாம். அதுவரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி விறகு. நாங்கள் அடைப்பைச் சட்டியில் மறுபடி கொதிக்கவைத்துத்தான் தப்பித்தோம்.

இதில் மலையின் பங்கும் உண்டு. கொடைக்கானல் ஏறக்குறைய 2100 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைவு, கரி சோம்பேறியாகத்தான் பற்றும். தண்ணீரும் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் ஈரமாக வேகிற எதுவும் தாமதமாகும். மதுரையில் ஒரு மணி நேரத்தில் ஆகிற வேலைக்கு இங்கே கூடுதலாக இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

துண்டு போட்டுக் கம்பியில் குத்திச் சுடுவது இன்னொரு வழி. இது நமக்குப் புதிதல்ல. கம்பியில் சுட்ட கொழுத்த இறைச்சியைச் சூடு தாங்காமல் வாயின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்றதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. 12 பேருக்கு வேகமாகப் போட இதுதான் வசதி, பிள்ளைகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். செங்காயையும் கறிக்கு நடுவே குத்தினேன். ஒன்றிரண்டு வெடித்துத் தணலில் விழுந்தாலும் மற்றவை சுருங்கி, புளித்து, அருமையாக இருந்தன. ஆனால் கொழுப்பு எல்லாம் தணலில் சொட்டித் தீ எழும்பியது, சட்டிக்கு ஒரு ஸ்பூன்கூட மிஞ்சவில்லை. சாஸ் இல்லாத சாஸ் மேடத்தை என்னவென்று சொல்வது?

மூன்றாவது வழி, மூன்றாம் ஞாயிறு செய்தது. வாத்தின் முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு, புத்தகத்தை விரிப்பது போல விரித்துக் கையால் அழுத்தினால் நெஞ்செலும்பு ‘டக்’கென்று ஒடியும், தட்டையாகிவிடும். அடுப்பில் கரியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் வெறுமையாக விட்ட இடத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு. வயிற்றுக்குள் போக வேண்டியதெல்லாம் அந்தத் தட்டில். மேலே கம்பிவலை, அதில் வாத்து, தோல் மேலே பார்க்க. மூடி போட்டுவிட வேண்டும். எங்களிடம் மூடி இல்லை, பழைய இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்தோம். கொழுப்பு சொட்டுச் சொட்டாகப் பேரிக்காய்மேல் விழுகிறது, பூண்டு அதிலேயே பொரிகிறது, செங்காய் ஒவ்வொன்றாகத் தோல் வெடித்துச் சாறு விடுகிறது. தைத்த வாத்துக்குள் இருட்டில் நடந்ததுதான் இங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. தீ எழும்பவில்லை, அடைப்பு வெந்ததா என்று கரண்டியால் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் ஒன்றாக முடிந்தது. கடைசி ஐந்து நிமிடம் வாத்தைத் திருப்பிப் போட்டுத் தணலுக்கு நேராகக் காட்டினால் தோல் மொறுமொறு.

ஆக எங்கள் முடிவு செங்காயும் இந்த விரித்த வாத்தும். பழுத்த பன்னீரையும் முழுக்க ஒதுக்கவில்லை. தட்டை இறக்கி, மேலே நிற்கும் கொழுப்பைப் பாதி எடுத்துவிட்டு, மீதியைச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்து இறக்கிய பிறகு, ஒரு கைப்பிடி பழத்தை விதை நீக்கிப் போட்டு மூடிவிடுங்கள். தீயில் போய்விடும் என்று சொன்னேனே, அந்த வாசனை இப்படிப் போட்டால் தங்கும்.

ஒரு வாத்துக்கு, அதாவது சுத்தம் செய்தபின் ஒன்றரைக் கிலோவுக்கு, எங்கள் கணக்கு இது: செங்காய் 300 கிராம் முழுதாகத் தட்டில், இன்னொரு 200 கிராம் பிசைந்து வடித்த சாறு வைனுக்குப் பதிலாக. வால்பேரி 2, கொய்யா 1, மலைப்பூண்டு 12 பல். மலைப்பூண்டு காட்டம், கீழ்நாட்டுப் பூண்டு என்றால் 20 பல் போடலாம். தழை எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி. சித்தரத்தை கால் டீஸ்பூன், இனிப்பு மசாலா அரை டீஸ்பூன். உப்பை மட்டும் முந்தின இரவே வாத்தின் மேல் தேய்த்து வைத்துவிடுங்கள்.

கரிக்குக் கருவேலங்கரிதான் நல்லது. பக்கத்தில் கிடக்கிறதே என்று பைன், தைல மரம் இரண்டையும் போடாதீர்கள். ஒன்று பிசின் புகை, இன்னொன்று கறியைத் தலைவலித் தைலமாக்கிவிடும். காய்ந்த மாதங்களில், முக்கியமாக மாசி, பங்குனியில், வெளியே அடுப்பே வேண்டாம். ஒரு பொறி போதும் மலைக்கு. மற்ற நாளிலும் பைன் சருகைக் கூட்டிவிட்டு, வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் பற்றவைக்க வேண்டும். பேரிக்காய்த் தோலை முற்றத்தில் போடாதீர்கள். மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் ஒரு காட்டுமாடு வேலியோரம் வந்து நின்றுவிட்டது. அது போகிறவரை நாங்கள் சட்டியோடு வீட்டுக்குள், வாத்து வெளியே.

விருந்துக்கு மூன்று வாத்து சொல்லியாகிவிட்டது. நேற்று வத்தலக்குண்டு வழிக்காரருக்குப் போன் செய்து, செங்காய் ஒன்றரைக் கிலோ வேண்டும் என்றேன். “வாத்துக்காரரா?” என்றார். இந்தத் தடவை தோட்டத்துக்காரரிடமே கேட்டு, மருந்தடித்த தேதியையும் விசாரித்துச் சொல்கிறாராம். விலை மட்டும் குறையவில்லை.